எயார் மார்ஷல் யார், அவர் வேலை என்ன? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் விமானப்படை என்பது செய்தியில் மட்டும் வரும் விஷயம் இல்லை. சீனன்குடாவில் விமானப்படைக் கல்விக்கூடம் இருக்கிறது. பயிற்சி விமானங்கள் தம்பலகாமக் குடாவுக்கு மேலே வட்டமடிப்பதைப் பார்த்துத்தான் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதோடு தெருவுக்கு ஒருவராவது கட்டார், டுபாய், சவூதி என்று விமானம் ஏறிப் போன ஊர் இது. அதனால் எயார் மார்ஷல் பற்றிய கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன: படையில் சேர நினைக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரு பக்கம், வெளிநாடு போகிறவர்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமுமிருந்து மறுபக்கம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எயார் மார்ஷல் என்பவர் விமானப்படை அதிகாரியா, பயணிகள் விமானத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரா?

இரண்டு பேரையும் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இருவருக்கும் தொடர்பில்லை. ஒருவர் விமானப்படையின் மிக உயர்ந்த அதிகாரிகளில் ஒருவர், சீருடையும் நட்சத்திரங்களும் உள்ளவர். மற்றவர் சாதாரண உடுப்பில் பயணிகளோடு பயணியாக இருக்கும் ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு ஆள். அமெரிக்காவில் அவரையும் எயார் மார்ஷல் என்பார்கள், இந்தியாவில் ஸ்கை மார்ஷல் என்பார்கள். குழப்பம் வராமல் இருக்க, படை அதிகாரியை எயார் மார்ஷல் என்றும் விமானத்துக்குள் இருப்பவரை ஸ்கை மார்ஷல் என்றும் இங்கே எழுதுகிறேன்.

விமானப்படையில் அந்தத் தரம் எந்த இடத்தில் வருகிறது?

கீழிருந்து மேலே: பைலட் ஒஃபிசர், ஃப்ளையிங் ஒஃபிசர், ஃப்ளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கப்டன், எயார் கொமடோர், எயார் வைஸ் மார்ஷல், எயார் மார்ஷல், எயார் சீஃப் மார்ஷல். தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரலும் கடற்படையில் வைஸ் அட்மிரலும் எயார் மார்ஷலுக்குச் சமம்.

இந்தப் பெயர்கள் பிரிட்டனில் இருந்து வந்தவை. 1918 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் விமானப்படை தொடங்கியபோது தரைப்படையின் தரப் பெயர்களையே பாவித்தார்கள். 1919 ஓகஸ்ட்டில்தான் தங்களுக்கென்று தனிப் பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழ் இருந்த நாடுகள் பலவும் அதையே எடுத்துக்கொண்டன.

இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2 அன்று தொடங்கியது. முதல் தளபதி பிரிட்டிஷ்காரரான குரூப் கப்டன் பிளேடன். அன்றைக்குப் படை அவ்வளவு சிறியது, அதனால் தளபதிக்கே அந்தத் தரம் போதுமாக இருந்தது. 1962 இல் பொறுப்பேற்ற முதல் இலங்கைத் தளபதி ரொஹான் அமரசேகர எயார் வைஸ் மார்ஷல் வரை போனார். இப்போது தளபதியாக இருப்பவர் வழக்கமாக எயார் மார்ஷல் தரத்தில் இருப்பார், ஓய்வு பெறும்போதோ பாதுகாப்புப் படைகளின் பிரதானியாகும்போதோ எயார் சீஃப் மார்ஷல் ஆவார். ஒரே குடும்பத்தில் அப்பாவும் மகனும் தளபதியாக இருந்ததும் இங்கே உண்டு: ஹரி குணதிலக்க 1976 இலிருந்து 1981 வரை, மகன் ரொஷான் குணதிலக்க 2006 இலிருந்து 2011 வரை.

இந்தியாவில் படை பெரியது, அதனால் தளபதி எயார் சீஃப் மார்ஷல். அவருக்குக் கீழே பல எயார் மார்ஷல்கள் ஆளுக்கொரு பிராந்தியத்தையோ துறையையோ பார்த்துக்கொள்வார்கள். "இந்தியாவில் இத்தனை பேர், இங்கே மட்டும் ஏன் ஒருவர்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எயார் மார்ஷல் போர் விமானம் ஓட்டுவாரா?

ஓட்டத் தெரிந்தவராக இருப்பார், அன்றாடம் ஓட்ட மாட்டார். எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, உதிரிப்பாகம் எங்கே இருந்து வரும், எந்தத் தளத்தில் எதை நிறுத்துவது, எத்தனை விமானிகளைப் பயிற்றுவிப்பது, அரசாங்கம் ஒன்றைக் கேட்டால் அது முடியுமா முடியாதா என்று நேராகச் சொல்வது, இதுதான் அவருடைய வேலை. வெளியே இருந்து பார்த்தால் இது அலுவலக வேலை போலத் தெரியும். ஆனால் இதில் ஒன்று பிசகினால் என்ன நடக்கும் என்பதைத் திருகோணமலைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

1942 இல் திருகோணமலை மீது ஜப்பான் குண்டு போட்டபோது வான் பாதுகாப்பை நடத்தியது யார்?

கொழும்பில் இருந்த எயார் வைஸ் மார்ஷல் ஜோன் டி'அல்பியாக். இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் விமானப் பிரிவுகள் அவர் பொறுப்பில், 222 ஆவது குழு என்ற பெயரில் இயங்கின. எயார் மார்ஷலுக்கு ஒரு படி கீழே உள்ள தரம் என்றாலும், அந்த மட்டத்து அதிகாரியின் வேலை எப்படிப்பட்டது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையில் இருந்து புறப்பட்ட கட்டலீனா விமானம் ஒன்று, தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டது. அதன் விமானி கனடாக்காரரான லெனர்ட் பர்ச்சல். கண்டதை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுடப்பட்டு விழுந்தது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 திருகோணமலையின் முறை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராடார் முன்கூட்டியே எதிரி விமானங்களைக் கண்டுவிட்டது. சீனன்குடாவில் இருந்த 261 ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிகேன் விமானங்கள் குண்டு விழ முதலே மேலே ஏறிவிட்டன. வந்தவையோ நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள். இங்கிருந்து ஏறிய ஹரிகேன்கள் இருபது கூட இல்லை. துறைமுகம், கப்பல் தளம், ஓடுபாதை எல்லாம் அடி வாங்கின. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று மோதி எரிந்தது. அந்தத் தாங்கி நின்ற இடத்தை இன்றைக்கும் காட்டுவார்கள்.

விமானம் தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கையால் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. ஆனால் அதன் மேல்தளத்தில் விமானம் எதுவும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். காப்பாற்ற அனுப்பப்பட்ட விமானங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

விமானிகளிடம் துணிவுக்குக் குறைவில்லை. குறைந்தது எண்ணிக்கை, தொடர்பு, நேரம். இந்த மூன்றையும் சண்டைக்கு முன்பே சரிப்படுத்தி வைப்பதுதான் மேல்மட்ட அதிகாரியின் வேலை. நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்குப் போனவர்கள் கல்லறைக் கற்களில் விமானப்படைச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள்: சிறகு விரித்த கழுகும் அதற்கு மேலே கிரீடமும். அடுத்த முறை போகும்போது சின்னத்தோடு வயதையும் சேர்த்து வாசியுங்கள்.

சீனன்குடாவில் சேர்ந்தால் என் மகன் எயார் மார்ஷல் ஆக முடியுமா? மகள்?

பாதை இருக்கிறது, நீளமானது. அதிகாரி பயிலுநராகச் சேர்பவருக்குத்தான் அந்த ஏணி நேராகத் திறக்கும். விமானப்படை வீரராக, தொழில்நுட்பப் பிரிவில் சேர்பவர் வேறு ஏணியில் ஏறுகிறார், அதுவும் மதிப்பான வேலைதான். பைலட் ஒஃபிசராக ஆரம்பித்தவர் மேலே வந்து சேர முப்பது ஆண்டுக்கு மேல் எடுக்கும். ஒரு தொகுதியில் சேர்ந்த எல்லோராலும் குரூப் கப்டனைத் தாண்ட முடிவதில்லை, சிலர்தான் தாண்டுவார்கள். "எயார் மார்ஷல் ஆகலாம்" என்ற ஆசையைக் காட்டிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். விமானமோ, எஞ்சினோ, ராடாரோ, பிள்ளைக்கு எதில் உண்மையான விருப்பம் என்று பார்த்து அனுப்புங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: பத்மா பந்தோபாத்யாய். திருப்பதியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, மருத்துவராக இந்திய விமானப்படையில் சேர்ந்து, அந்தப் படையின் முதல் பெண் எயார் மார்ஷல் ஆனவர். விமானி ஆனால்தான் அந்த உயரத்துக்குப் போகலாம் என்றில்லை என்பதற்கும் அவர் சாட்சி.

சரி, ஸ்கை மார்ஷல் எப்போது வந்தார்?

1961 இல் அமெரிக்க விமானங்கள் கியூபாவுக்குக் கடத்தப்பட்டதை அடுத்து, ஜனாதிபதி கென்னடி காலத்தில் அங்கே ஆரம்பித்தது. ஆரம்பத்தில் சிலர்தான். 1968 ஜூலையில் இஸ்ரேலின் எல் ஆல் விமானம் ஒன்று அல்ஜீரியாவுக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னர் அந்த நிறுவனம் தன் விமானங்களில் ஆயுதக் காவலரை ஏற்றத் தொடங்கியது. 1970 செப்டெம்பரில் பாலஸ்தீன ஆயுதக் குழு ஒன்று சில நாட்களுக்குள் பல விமானங்களைக் கடத்தி, அவற்றில் மூன்றை ஜோர்தான் பாலைவனத்தில் இறக்கி வெடிக்க வைத்தது. அப்போதுதான் அமெரிக்கா பெரிய அளவில் ஸ்கை மார்ஷல்களை ஏற்றியது.

ஆனால் கடத்தல்கள் நிற்கவில்லை. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் மட்டும் 130 க்கும் மேற்பட்ட கடத்தல் சம்பவங்கள். அதை உண்மையில் அடக்கியது எது தெரியுமா? 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் கைப்பைகளையும் சோதிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டே கடத்தல்கள் சடாரென்று விழுந்தன. விமானப் பாதுகாப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஆண்டைத்தான்.

2001 செப்டெம்பர் 11 க்கு வரும்போது அமெரிக்காவில் எஞ்சியிருந்தது 33 ஸ்கை மார்ஷல்கள். அவர்களும் வெளிநாடு போகும் விமானங்களில் மட்டும். கடத்தப்பட்ட நான்கும் உள்நாட்டு விமானங்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள்.

இந்தியாவில்?

1999 டிசெம்பர் 24, காத்மண்டுவில் இருந்து டெல்லி போன இந்தியன் எயார்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. முதலில் அம்ரித்சரில் இறங்கியது. முக்கால் மணி நேரமளவு ஓடுபாதையிலேயே நின்றும், அதை மறித்து வைக்க யாரும் வந்து சேரவில்லை. திரும்ப எழும்பி லாகூர், டுபாய், கடைசியாகக் காந்தஹார். ஒரு பயணி கொல்லப்பட்டார். டிசெம்பர் 31 அன்று சிறையில் இருந்த மூன்று பேரை விடுவித்துத்தான் மற்றவர்களை மீட்டார்கள். அதன் பிறகு தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் ஸ்கை மார்ஷல்களாக ஏறத் தொடங்கினார்கள்.

இலங்கையர் யாரும் விமானம் கடத்தியிருக்கிறார்களா?

கடத்தியிருக்கிறார், அந்தச் சம்பவத்தால் நாட்டுக்கு ஒரு சட்டமே வந்தது. 1982 ஜூன் 30 அன்று சேபால ஏக்கநாயக்க என்பவர் டெல்லியில் இருந்து போன அலித்தாலியா ஜம்போ விமானத்தை பேங்கொக்கில் வைத்துப் பணயமாக்கினார். இத்தாலியில் இருந்த மனைவியையும் மகனையும் தன்னிடம் கொண்டுவர வேண்டும், 300,000 டொலர் தர வேண்டும் என்பது கோரிக்கை. இரண்டும் கிடைத்தன. பணத்தோடும் குடும்பத்தோடும் இலங்கைக்கு வந்து இறங்கினார். சிலர் அவரை வீரனைப் போல வரவேற்றார்கள்.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது: வேறு நாட்டு விமானத்தை வேறு நாட்டில் கடத்தியவரை இங்கே எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது? அதே ஆண்டில் பாராளுமன்றம் விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டம், 1982 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, நடந்து முடிந்த செயலுக்கும் செல்லுபடியாகும்படி செய்தது. அவர் தண்டிக்கப்பட்டார். பின்னால் வந்த சட்டத்தால் முன்னால் செய்ததைத் தண்டிக்கலாமா என்று மேன்முறையீட்டில் கேட்டபோது, உலக நாடுகள் எல்லாம் குற்றம் என்று ஏற்ற செயல் இது, ஆகவே தண்டிக்கலாம் என்றது நீதிமன்றம். நோக்கம் குடும்பம் என்பதால் அவர்மேல் இரக்கப்படுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் அந்த விமானத்தில் இருந்த மற்றவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

ஸ்கை மார்ஷல் விமானத்துக்குள் என்ன செய்வார்? அடையாளம் காண முடியுமா?

காண முடியாது, காணவும் முயலக் கூடாது. அவர் தெரியாமல் இருப்பதில்தான் அந்த ஏற்பாட்டின் பலமே இருக்கிறது. கப்டனுக்கும் விமான ஊழியருக்கும் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். பெரும்பாலும் தனியாக வர மாட்டார், இரண்டு பேரோ அதற்கு மேலோ வருவார்கள். நடைபாதைப் பக்க ஆசனம், விமானி அறைக்குப் போகும் வழியைப் பார்க்கக்கூடிய இடம்.

வேலையில் பெரும்பகுதி சும்மா இருப்பது போலத் தெரியும், உண்மையில் அது பார்த்துக்கொண்டே இருப்பது. மலசலகூடத்துக்குள் போனவர் ஏன் இன்னும் வரவில்லை, வேறு வேறு வரிசையில் இருக்கும் இருவர் ஏன் திரும்பத் திரும்பக் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள், சாப்பாட்டு வண்டி வழியை மறிக்கும் நேரத்தில் யார் எழும்புகிறார். பத்து மணி நேரப் பறப்பில் தூங்கக் கூடாது, குடிக்கக் கூடாது, படத்தில் மூழ்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க ஒரு தடவையும் துப்பாக்கியைத் தொடாமல் ஓய்வு பெறுபவர்கள்தான் அநேகம் பேர்.

ஆசனத்துக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தாலோ, ஒருவர் குடித்துவிட்டுச் சத்தம் போட்டாலோ அவர் உடனே எழும்ப மாட்டார். அந்தச் சண்டையே அவரை வெளியே இழுக்கப் போட்ட நாடகமாக இருக்கலாம். அதை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எந்த நாடும் எந்த விமானத்தில் ஆள் ஏற்றுகிறது என்று வெளியே சொல்லாது. இன்னொரு நாட்டுக்கு ஆயுதத்தோடு போய் இறங்க அந்த நாட்டின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

மேலே வைத்துச் சுட்டால் விமானம் வெடித்துவிடாதா?

இல்லை. படங்களில் ஒரு தோட்டா பட்டதும் ஆட்கள் வெளியே உறிஞ்சப்படுவார்கள். உண்மையில் விமானத்துக்குள் காற்று எந்நேரமும் உள்ளே தள்ளப்பட்டு, வால் பக்கத்து வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டேதான் இருக்கிறது. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர்த் தாங்கியில் ஊசித்துளை விழுந்தால் மட்டம் இறங்காதது போல, சிறு துளை ஒன்றால் உள்ளே அழுத்தம் சட்டென்று குறையாது. 1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா விமானம் ஒன்றின் கூரையே பல அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார், மற்ற எல்லோரோடும் விமானம் தரை இறங்கியது.

தோட்டாவால் உண்மையான ஆபத்து பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்குத்தான். அதனால்தான் நெருக்கமான இடத்தில் குறி தவறாமல் சுடும் பயிற்சிக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறார்கள்.

அப்படியென்றால் ஸ்கை மார்ஷல் இருந்தால் பயமில்லைதானே?

அப்படி நம்பிவிடாதீர்கள். மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

1970 செப்டெம்பர் 6 அன்று எல் ஆல் விமானத்தைக் கடத்த முயன்ற இருவரில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், மற்றவரான லைலா காலித் பிடிபட்டார். காவலர் இருந்தார், விமானியும் விமானத்தைத் திடீரென்று கீழே இறக்கிக் கடத்தல்காரரை நிலைகுலைய வைத்தார், விமானம் தப்பியது.

1985 நவம்பரில் ஏதென்ஸில் இருந்து கெய்ரோ போன எகிப்து எயார் விமானத்தில் ஸ்கை மார்ஷல் ஒரு கடத்தல்காரரைச் சுட்டுக் கொன்றார். ஆனால் எதிரே இன்னும் ஆட்கள் இருந்தார்கள், அவரும் காயப்பட்டார். விமானம் மோல்டாவில் இறங்கியது. அங்கே நடந்த கடத்தலும், பிறகு எகிப்தியக் கமாண்டோக்கள் நடத்திய மீட்பு முயற்சியுமாக அறுபது பேரளவில் இறந்தார்கள்.

1986 டிசெம்பர் 25 அன்று பாக்தாத்தில் இருந்து அம்மான் போன ஈராக் விமானத்தில் பாதுகாப்பு ஆட்கள் கடத்தல்காரரோடு மோதினார்கள். கைக்குண்டு வெடித்து, விமானம் சவூதியில் அரார் அருகே விழுந்தது. 63 பேர் இறந்தார்கள்.

கைக்குண்டு விமானத்துக்குள் வந்துவிட்ட பிறகு மார்ஷல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஓரளவுக்குத்தான் செய்ய முடியும். அது தரையிலேயே பிடிபட்டிருக்க வேண்டும்.

விமானி அறைக் கதவைப் பூட்டிவிட்டால் போதாதா?

2003 நவம்பர் முதல் பெரிய பயணிகள் விமானங்களுக்குத் தோட்டா துளைக்காத, உள்ளிருந்து பூட்டும் கதவு சர்வதேச விதிப்படி கட்டாயம். என்னைக் கேட்டால் 2001 க்குப் பிறகு வந்த மாற்றங்களில் பெரியது இதுதான். விமானத்தையே ஆயுதமாக்குவது அதனால் மிகவும் கடினமாகிவிட்டது. ஆனால் 2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் துணை விமானி, கப்டன் வெளியே போன நேரத்தில் அதே கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை அல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் போனார்கள்.

விமானத்தில் அதிகாரம் யாருக்கு? கப்டனுக்கா, மார்ஷலுக்கா?

கப்டனுக்கு. 1963 டோக்கியோ உடன்படிக்கையின்படி, கதவுகள் மூடியதில் இருந்து திறக்கும் வரை ஒழுங்கும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. ஒருவரைக் கட்டி வைக்கவும், வழியில் இறக்கிவிடவும், பொலிஸிடம் ஒப்படைக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. 2014 இல் மொன்றியலில் அதைத் திருத்தியபோது ஸ்கை மார்ஷல்களுக்கும் சட்டத்தில் ஓர் இடம் கொடுத்தார்கள், அது 2020 ஜனவரி 1 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மார்ஷல் கப்டனுக்கு மேலதிகாரி இல்லை. உடனடி ஆபத்து என்றால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல் செயற்படலாம்.

கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தை விமானப்படை சுட்டு விழுத்தலாமா?

எயார் மார்ஷலும் ஸ்கை மார்ஷலும் சந்திக்கிற ஒரே இடம் இந்தக் கேள்விதான். கேட்கவே மனம் கூசும் கேள்வியும் கூட.

1983 செப்டெம்பர் 1 அன்று வழி தவறிய கொரிய ஜம்போ விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு விழுத்தியது. 269 பேரும் இறந்தார்கள். மறு ஆண்டே உலக நாடுகள் சிக்காகோ உடன்படிக்கையில் ஒரு விதி சேர்த்தன: பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின் மேல் ஆயுதம் பாவிக்கக் கூடாது. ஆனால் 2001 க்குப் பிறகு, ஊருக்கு மேல் விழ வரும் விமானத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஜேர்மனி சுட அனுமதிக்கும் சட்டம் ஒன்று போட்டது. 2006 பெப்ரவரியில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: உள்ளே இருக்கும் பயணிகளும் மனிதர்கள், கீழே இருப்பவர்களைக் காப்பாற்ற அவர்களைக் கொல்ல அரசுக்கு உரிமையில்லை. அந்தத் தீர்ப்போடு நான் ஒத்துப்போகிறேன். சில நாடுகள் ஒத்துப்போகவில்லை. இப்படியான கட்டளை எந்த நாட்டில் வந்தாலும் நிறைவேற்ற வேண்டியது விமானப்படைதான். அதனால் அது முடியுமா, எவ்வளவு நேரத்தில் முடியும், தவறான விமானம் என்று தெரிந்தால் எப்படி நிறுத்துவது என்பதை மேல்மட்ட அதிகாரிகள் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் விமானங்களுக்கு வந்த ஆபத்துகளை ஸ்கை மார்ஷல் தடுத்திருப்பாரா?

1986 மே 3, கட்டுநாயக்கவில் எயார்லங்கா ட்ரைஸ்டார் மாலைதீவு போகத் தயாரானபோது தரையிலேயே குண்டு வெடித்தது. 21 பேர் இறந்தார்கள். குண்டு பொதியோடு உள்ளே போயிருந்தது.

1998 செப்டெம்பர் 29, பலாலியில் இருந்து இரத்மலானை வந்த லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர். பயணிகளில் அநேகம் பேர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஏவுகணையால் விழுத்தப்பட்ட அந்த விமானத்தின் பாகங்களைக் கடலுக்கடியில் கண்டெடுக்க 2012 வரை ஆனது. அத்தனை ஆண்டும் அந்தக் குடும்பங்கள் ஒரு முடிவு தெரியாமல் இருந்தன.

இரண்டிலும் ஸ்கை மார்ஷல் இருந்திருந்தாலும் அவரால் எதையும் தடுத்திருக்க முடியாது. முதலாவதை நிறுத்தியிருக்கக்கூடியது பொதிச் சோதனை. இரண்டாவதை நிறுத்தியிருக்கக்கூடியது, சாதாரண சனம் ஏறும் விமானத்தைச் சுடக் கூடாது என்ற மனித முடிவு.

அப்போ கட்டுநாயக்கவில் சோதனையில் நிற்கும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வெளிநாடு போகும் எங்கள் ஆட்களுக்கு உண்மையில் பயன்படும் பதில் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தவர் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோகாதீர்கள். "அங்கே என் தம்பி வந்து எடுப்பான், கருவாடும் மிளகாய்த்தூளும்தான்" என்று பஸ் நிலையத்தில் வைத்து ஒருவர் தந்தால், கோபித்தாலும் பரவாயில்லை, அவர் முன்னாலேயே அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். பையில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "எனக்குத் தெரியாது" என்பது வளைகுடா நாடுகளில் எடுபடாது.

ஊறுகாய், தேன், நல்லெண்ணெய் போத்தல் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட திரவப் போத்தலை எடுத்துவிடுவார்கள். 2006 ஓகஸ்ட்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த விதி அது. அம்மா கட்டித் தந்த மாங்காய் ஊறுகாயைக் குப்பைத் தொட்டியில் போடும்போது அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே சரியான பையில் வைத்துவிட்டால் அந்த அழுகை வராது. ஆச்சிமாரின் பாக்குவெட்டியும் கத்தரிக்கோலும் பெரிய பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் மறுபக்கம்: அது கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது. அந்த பற்றரி தீப்பிடித்தால் கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அணைக்கலாம்.

"பெட்டிக்குள் என்ன குண்டா இருக்கு?" என்று பகிடிக்கும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் பாதுகாப்பு ஊழியர் விசாரித்தே ஆக வேண்டும்.

தமிழர் என்பதால் சோதனைகளில் கூடுதலாக நிறுத்தப்பட்ட அனுபவம் எங்களில் பலருக்கு இருக்கிறது, அந்த வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துச் சோதிப்பது அநியாயம், அதோடு பாதுகாப்புக்கும் கேடு. எல்லோரையும் எல்லாப் பைகளையும் ஒரே மாதிரிச் சோதித்த பிறகுதான் 1973 இல் கடத்தல் குறைந்தது.

சீனன்குடாவில் இருந்து சின்ன விமானத்தில் கொழும்பு போனால் அதிலும் ஸ்கை மார்ஷல் இருப்பாரா?

இருக்க மாட்டார். அங்கே வந்து போகும் செஸ்னா கரவன் போன்ற விமானத்தில் ஒரு சில ஆசனங்கள்தான், விமானியின் தோள் உங்களுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும். அங்கே கவனம் எல்லாம் எடையில்தான், அதனால் பெரிய பெட்டியோடு போகாதீர்கள். நிலையம் விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதால் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள், வாசலில் நேரம் எடுக்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே புறப்படுங்கள், தளத்துக்குள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விமானம் மேலே ஏறிய பிறகு ஜன்னலால் துறைமுகத்தைத் தாராளமாகப் பார்க்கலாம்.